நடுவில் தொடங்கத் தெரியாதவன்

நாற்பத்தாறு வயதில் ஒருவன் கிரேக்கக் காவியம் படிப்பது அறிவுத் தாகத்தால் அல்ல. நான் சித்தூரில் ஒரு தனியார் கல்லூரியில் பதினேழு வருடமாக ஆங்கிலத்துக்குக் காண்ட்ராக்ட் லெக்சரர். நிரந்தர வேலைக்கான இன்டர்வியூ திருப்பதியில். அடுத்த வருடம் வயது வரம்பைத் தாண்டிவிடுவேன். பழைய கிரேக்கக் காவியத்தில்தான் கேட்பார்கள் என்று யாரோ சொன்னார்கள். யாரோ சொன்னதை நம்பித்தான் நான் ஆங்கில இலக்கியமே படித்தேன்.

நான் மிஷன் சபையில் வளர்ந்தவன். எங்கள் ஞாயிறு பள்ளியில் மனப்பாட வசனம் ஒப்பிக்க ஒரு முறை உண்டு. முதல் வசனத்தில் ஆரம்பித்துக் கடைசிவரை நிற்காமல் போக வேண்டும். இடையில் தடுக்கினால் மறுபடியும் முதலிலிருந்து. எட்டு வருடம் எனக்குத்தான் முதல் பரிசு. எட்டும் சோப்பு டப்பா. வேறு விதமாகப் படிக்க எனக்குத் தெரியாது.

ஆகவே நீள நோட்டில் முப்பத்திரண்டு எண்கள் போட்டேன். முதலில் கலைச்சொற்கள்: தேவதையை அழைத்துப் பாட ஆரம்பிப்பது, கதையை நடுவிலிருந்து தொடங்குவது, வீரனின் பெயரை விடாமல் ஒட்டிக்கொண்டு வரும் அடைமொழி, பத்து வரிக்கு நீளும் உவமை. அப்புறம் ஆட்கள்: கோபித்துக்கொண்டு கூடாரத்தில் உட்கார்ந்துவிட்ட மாவீரன், வீடு திரும்ப வழி தெரியாத ராஜா, இன்னும் பலர். பெயர்களை இங்கே எழுதப்போவதில்லை. ஒன்றை எழுதினால் மற்றவர்களும் வரிசையில் வந்து நிற்பார்கள்.

மனைவி பூண்டு உரித்தபடி நோட்டைப் பார்த்துக் கேள்வி கேட்டாள்.

"நடுவுல ஒண்ணு கேக்கட்டா?"

"வேணாம். வரிசையா கேளு."

"அவங்க இன்னா உங்க நோட்ட வெச்சிக்கினா கேக்கப் போறாங்க?"

அவள் சொன்னது சரி என்பதால் எனக்குக் கோபம் வந்தது.

ரயிலிலும் முணுமுணுத்துக்கொண்டே போனேன். பாகாலாவில் வண்டி நின்றபோது, எதிரே இருந்தவர் கைகூப்பிவிட்டார். மலைக்கு மொட்டை போடப் போகிறவர்.

"இதெல்லாம் இன்னா சாமி பேரு சார்?"

"கிரேக்க தேசத்து ஆளுங்க."

"அங்கயும் மொட்ட போடுவாங்களா?"

"முடிய வெட்டி, செத்தவன் சிதையில போடுவாங்க."

"அய்ய!" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இன்டர்வியூவில் மூன்று பேர். காவியத்தில் கதை எங்கே தொடங்கும் என்று ஓர் அம்மா கேட்டார். அது இரண்டாம் எண், கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. "நடுவில்" என்றேன். மூவரும் தலையாட்டினார்கள். அடுத்தவர் கேட்டார்: மகனைக் கொன்றவனிடமே போய்க் கெஞ்சும் கிழவன் யார்? அந்தக் காட்சியின் பொருள் என்ன?

எனக்குத் தெரியும். இருபத்தேழாம் எண். அங்கே போக எனக்கு ஒரே வழிதான். தலையைக் குனிந்து, உதட்டுக்குள் ஒன்றிலிருந்து ஆரம்பித்தேன். ஒன்பதில் அந்த அம்மா இரக்கப்பட்டு, "செப்பண்டி சார்", சொல்லுங்கள் என்று தெலுங்குக்கு மாறினார். தடுக்கிவிட்டது. மறுபடியும் ஒன்று. பதினான்கில் ஒருவர் தண்ணீர் கிளாஸை என் பக்கம் நகர்த்தினார். மறுபடியும் ஒன்று. மூன்றாம் முறை இருபத்தொன்றை எட்டியபோது, "நன்றி, போகலாம்" என்றார்கள்.

வெளியே வந்து நாலடி வைத்ததும் கிழவனின் பெயர் வந்தது. திரும்பிப் போய்க் கதவைத் திறந்து சத்தமாகச் சொன்னேன். அதற்குள் நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்திருந்தார். அவர் மரியாதைக்குத் தலையசைத்தார்.

மூன்று வாரம் கழித்துப் பட்டியல் வந்தது. அதில் நான் இல்லை. மத்தியானம் சாப்பிடும்போது மனைவி கேட்டாள்.

"கடைசியா இன்னாதான் கேட்டாங்க?"

சொன்னேன். ஒரு கிழட்டு ராஜா. தன் மகனைக் கொன்ற கையையே முத்தமிட்டு, பிணத்தையாவது கொடு என்று கேட்கிறான்.

"குட்த்தானா?"

"குட்த்தான். சோறும் போட்டு அனுப்பினான்."

"அப்போ அவன் பரவால்ல" என்று எனக்கு ரசம் ஊற்றினாள். என் நோட்டில் இவ்வளவு நல்ல பதில் இல்லை.

அந்த ஜூனில் எங்கள் கல்லூரியில் இலக்கியம் படிக்க ஒருவரும் சேரவில்லை. பிரிவையே மூடிவிட்டார்கள். இப்போது வணிகவியல் பிள்ளைகளுக்கு, இன்டர்வியூவில் தயங்காமல் பேசுவது எப்படி என்று பாடம் நடத்துகிறேன். நன்றாகத்தான் நடத்துகிறேன் என்கிறார்கள். காண்ட்ராக்ட் ஒவ்வொரு ஜூனிலும் புதுப்பிக்கப்படும். இந்த வருடம் ஆகஸ்ட் வந்துவிட்டது, தாள் வரவில்லை.