ஒரு திக்கலுக்கு அரை மார்க்

அறுபதுகளில் தென்காசியில் ஒரு பெண்கள் பள்ளியில் இங்கிலீஷ் டீச்சராக இருந்தேன். பிள்ளைகளுக்கு எவ்வளவு இங்கிலீஷ் தெரியும் என்று அளக்க எனக்குத் தெரிந்தது ஒரே வழிதான். பிள்ளை என் மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்று, பாடத்தில் ஒரு பக்கத்தைச் சத்தமாக வாசிக்க வேண்டும். அதற்கு இருபது மார்க். ஒரு திக்கலுக்கு அரை மார்க் வெட்டு. பாடத்துக்குப் பின்னால் இருக்கும் அருஞ்சொற்களுக்கு வரிசையாகப் பொருள் ஒப்பித்தால் இன்னொரு இருபது. என்னைப் போல நியாயமாக மார்க் போடுகிறவள் ஜில்லாவிலேயே கிடையாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சின்ன வயசுத் திமிர்.

எட்டாம் வகுப்பில் ஒரு நெசவாளியின் மகள் இருந்தாள். மேஜைக்குப் பக்கத்தில் வந்தாலே அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஒரு வரிக்கு நாலு திக்கல். வகுப்பே சிரிக்கும். நானும் ஒரு தடவை சிரித்திருக்கிறேன்; சொல்லவே வெட்கமாக இருக்கிறது. ஏற்கெனவே ஒரு வருஷம் ஃபெயிலாகி அதே வகுப்பில் இருந்தவள். அவளுடைய வாப்பா என்னைப் பார்க்க வந்தார். இந்த வருஷமாவது தேறுவாளா, இல்லை நிறுத்தி நூல் சுற்ற உட்கார வைத்துவிடட்டுமா என்று கேட்டார். தேறுவது கஷ்டம் என்று சொல்லிவிட்டேன். மாசக் கடைசியோடு நிறுத்திவிடுவதாகச் சொல்லிப் போனார்.

எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடங்களுக்கு அதிகாரிகள் சாரல் காலத்தில்தான் இன்ஸ்பெக்‌ஷன் வருவார்கள். காலையில் பள்ளிக்கூடம், மத்தியானத்துக்கு மேல் குற்றாலத்தில் குளியல். அந்த ஆடியில் வந்த அம்மாள் யாரையும் வாசிக்கச் சொல்லவில்லை. சைக்ளோஸ்டைல் எடுத்த தாளை ஆளுக்கொன்றாகக் கொடுத்தார். எந்தப் புத்தகத்திலும் இல்லாத ஒரு கதை. கீழே பத்துக் கேள்வி; பதிலைத் தமிழிலேயே எழுதலாம். கதையில் வரும் பத்துச் சொல்லுக்கு அந்த இடத்தில் என்ன பொருள் என்றும் எழுத வேண்டும். திருத்தி வையுங்கள் என்று சொல்லிவிட்டு அருவிக்குக் கிளம்பிவிட்டார்.

இருபதுக்கு, கணீரென்று வாசிக்கிற என் செல்லப் பிள்ளைக்கு நாலு. நெசவாளி மகளுக்குப் பதினேழு.

காப்பி அடித்திருக்கிறாள் என்றுதான் தோன்றியது. யாரைப் பார்த்து அடித்திருப்பாள்? வகுப்பில் அதற்கு அடுத்த மார்க்கே ஒன்பதுதான். கோபத்தில் அது எனக்கு உறைக்கவில்லை. மறுநாள் அவளை ஆசிரியர் அறைக்குக் கூப்பிட்டு, அங்கே கிடந்த இங்கிலீஷ் பேப்பரில் ஒரு வெள்ளச் செய்தியைக் காட்டி, மனசுக்குள் வாசி என்றேன். தாவணி நுனியை விரலில் சுற்றிக்கொண்டே வாசித்தாள். எந்த ஊர், எந்தப் பாலம் உடைந்தது, எத்தனை குடும்பம் என்று எல்லாவற்றையும் தமிழில் சொன்னாள். ஒரு சொல்லில் மட்டும் விரலை வைத்தாள்.

"இது எனக்குத் தெரியாது டீச்சர். வெள்ளம் வந்த பெறவு சனங்களக் கொண்டுபோய் வைக்க எடமா இருக்கும்னு நெனைக்கேன்."

சரியாகத்தான் நினைத்திருந்தாள்.

குற்றாலத்துக்கு வருகிற பங்களாக்காரர்கள் எடைக்குப் போடும் பேப்பர், மளிகைப் பொட்டலமாக அவள் வீட்டுக்கு வருமாம். சாமானைக் கொட்டிவிட்டு அதை எடுத்து வைத்துக்கொள்வாளாம். சத்தமாக வாசித்தால் அண்ணன்மார் கேலி செய்வார்கள் என்று வாயைத் திறக்காமலே வாசித்துப் பழகியிருக்கிறாள்.

அன்று சாயங்காலமே அவள் வீட்டுக்குப் போனேன். தறிச் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தி, நான் சொன்னது தப்பு, உங்கள் மகள்தான் என் வகுப்பில் நன்றாகப் படிக்கிறவள் என்றேன். வாப்பா தறியை நிறுத்திவிட்டு என்னை நம்பாமல் பார்த்தார். பிறகு, சரி, வரட்டும் என்றார்.

தெரு வரைக்கும் அவள் என்னோடு வந்தாள். எனக்கு அழுகை வந்துவிடும் போலிருந்தது. அதை மறைக்க, அதட்டலாகவே கேட்டேன். இவ்வளவு புரிகிறவள் இரண்டு வருஷமாக ஏன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை?

"வாசின்னுதான சொன்னிய டீச்சர். என்ன புரிஞ்சுதுன்னு ஒருநாளும் கேக்கலையே."