கண்டதைச் சொல்லாதவள்

ஆலங்குடாவில் ஒரு பெண் மௌத்தானால், பள்ளிவாசலுக்கு அறிவிக்கும் முன்பே ஜெய்னம்புவின் வாசலுக்கு ஆள் வந்துவிடும். இருபத்திரண்டு வருஷமாக அந்தப் பக்கத்தில் உயிர் போன பெண்களின் மையித்தைக் குளிப்பாட்டிக் கபன் துணி உடுத்துகிறவள் அவள்தான். வயிற்றுப்பாட்டுக்குக் கடற்கரை வாடியில் மீன் வெட்டி உப்பிட்டுக் கருவாடு போடுகிறாள். மையித்து வேலை அல்லாஹ்வுக்காக. ஐம்பத்து மூன்று வயது, கட்டையான உருவம், வாடியில் நின்று கதைத்தால் தெருமுனைக்குக் கேட்கிற தொண்டை.

அந்தத் தொண்டைக்கு ஒரு விஷயத்தில் மட்டும் பூட்டு. குளிப்பாட்டும்போது கண்ட எதையும் அவள் வெளியே சொல்லமாட்டாள். மையித்தில் கண்ட குறையை மறைக்க வேண்டும், அது நம்மை நம்பி ஒப்படைத்த அமானிதம் என்று சொல்லித்தான் முதல் நாளே அவளை மறைப்புச் சீலைக்குள் விட்டார்கள். எவளுடைய முதுகில் பெல்ட் தழும்பு இருந்தது, எவளுடைய கையில் பழைய சூடு இருந்தது என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். ஊரில் இரண்டொரு ஆம்பிளைகள் அவளைக் கண்டதும் சாரத்தை இறுக்கிக்கொண்டு வேறு ஒழுங்கையால் போவார்கள். போகட்டும், நமக்கென்ன என்று அவளும் பார்க்காத மாதிரி நடப்பாள்.

நோன்புப் பெருநாள் முடிந்து அடுத்த கிழமை, குளிக்கும்போது அவளுடைய கையில் அது தட்டுப்பட்டது. இடது மார்பில், கமக்கட்டுப் பக்கமாக, கொட்டைப்பாக்கு அளவில் ஒரு கட்டி. அமர்த்தினால் நோகவில்லை. தள்ளினால் நகரவுமில்லை.

வேறொருத்தி என்றால் கொழுப்புக் கட்டியாக இருக்கும், சூட்டுக் கட்டியாக இருக்கும் என்று பத்து நாளாவது மனசைத் தேற்றிக்கொண்டிருப்பாள். ஜெய்னம்புவுக்கு அந்தப் பத்து நாளும் கிடைக்கவில்லை. இதைத் தொட்டுப் பார்த்த கை அது. மூன்று வருஷத்துக்கு முன்பு, தன் கூடப்பிறந்த ராத்தா அலீமாவைக் குளிப்பாட்டியபோது தொட்டது.

அலீமா நெஞ்சுவலியில் மௌத்தானாள் என்றுதான் ஊர் இன்றைக்கும் நம்புகிறது. கல்பிட்டியில் மகள் றுஷ்னாவின் வீட்டில் இருந்தவள், ஒரு விடிகாலை சுபஹு நேரம் எழும்பவில்லை. ஜெய்னம்பு போய் மறைப்புக் கட்டினாள். றுஷ்னா அப்போது எட்டு மாத வயிற்றோடு நின்றாள். “வயித்துப் புள்ளக்காரி நீ, இங்க நிக்க வேணாம்” என்று அவளை வெளியே அனுப்பினாள். தண்ணீர் ஊற்றக் கூட வந்த ஸபீனா, கற்பூரம் கரைக்கப் போயிருந்தாள். துணிக்கு அடியில் கையைவிட்டு இடது பக்கம் தேய்த்தபோது ஒரு கட்டுத் தட்டுப்பட்டது. வெள்ளைத் துணி, துப்புரவாகச் சுற்றியிருந்தது. அவிழ்த்தாள். மார்பில் பாதி இல்லை. மீதி கறுத்து, கல்லாகி, உடைந்திருந்தது.

ஜெய்னம்பு கத்தவில்லை. காயத்துக்குப் பஞ்சு வைத்து, திரும்பவும் துணி சுற்றி, ஸபீனா வருவதற்குள் மூடிவிட்டாள். பிறகு வழமைபோலத் தலைமுடியை மூன்றாகப் பின்னினாள். வெளியே வந்ததும் “நல்ல மையித்து, மொகம் நல்ல வெளிச்சம்” என்று எல்லோருக்கும் சொல்வதையே சொன்னாள். ராத்தாவின் வெட்கத்தைத் தானொருத்தியாகக் காப்பாற்றிவிட்டோம் என்று அவளுக்கு ஒரு நிறைவுகூட இருந்தது. அந்த நிறைவை நினைத்தால் இப்போது பற்றிக்கொண்டு வருகிறது.

புத்தளத்து ஆஸ்பத்திரிக்கு அவள் தனியாகத்தான் போனாள். புருஷன் மஸாஹிரிடம் கண் காட்டப் போவதாகச் சொன்னாள். மஸாஹிர் நல்ல மனுஷன், ஆனால் அவர் காதில் விழுந்த எதுவும் அந்தி மஃரிப் தொழுகைக்குள் பள்ளிச் சந்தி போய்ச் சேர்ந்துவிடும். மார்பில் கட்டி என்று அவரிடம் சொல்வதும் ஒலிபெருக்கியில் சொல்வதும் ஒன்றுதான்.

கிளினிக்கில் அஜித்தா என்ற சிங்கள நர்ஸ் மிஸ்ஸி, பொறுமையாகத் தமிழில் கேட்டுக் கேட்டுக் கார்ட்டை நிரப்பினாள். “அம்மா, ஒங்க குடும்பத்துல ஆருக்கும் இந்த வருத்தம் இருந்ததா? ஒங்க அம்மாக்கு? அக்கா, தங்கச்சிக்கு?”

“இல்ல மிஸ்ஸி.”

யோசித்துச் சொன்ன பொய் அல்ல அது. இருபத்திரண்டு வருஷப் பழக்கத்தில் வாய் தானாகச் சொல்லிவிட்டது. மிஸ்ஸி ஒரு கோடு போட்டாள். உள்ளே டொக்டர் அம்மா ஊசி வைத்துக் கட்டியிலிருந்து கொஞ்சம் எடுத்தார். ரிப்போட் வர மூன்று கிழமை செல்லும், வியாழக்கிழமைக் கிளினிக்குக்கு வாங்க, வரும்போது வீட்டாள் ஒருத்தரையும் கூட்டி வாங்க என்றார்.

வீட்டாள் ஒருத்தரைக் கூட்டி வரச் சொன்னது எதற்கென்று ஜெய்னம்புவுக்கு விளங்காமல் இல்லை. பாலாவி தாண்டும்வரை பஸ்ஸின் கம்பியைப் பிடித்தபடியே நின்றாள். இருக்க இடம் கிடைத்தும் இருக்கவில்லை.

முதல் கிழமை பேய் பிடித்தவள்போல வேலை செய்தாள். வாடியில் இரண்டு பேருடைய மீனை ஒருத்தியாக வெட்டினாள். வீட்டில் அலுமாரியைக் கவிழ்த்து அடுக்கினாள். வேண்டாத உடுப்புகளை ஒதுக்கும்போது, யாருக்கு எதைக் கொடுப்பது என்று மனசு தன் பாட்டில் பங்குபோடத் தொடங்கியது. அதோடு அலுமாரியை மூடிவிட்டாள்.

“கண்ணுக்கு என்னவாம்?” என்று மஸாஹிர் கேட்டார்.

“கண்ணாடி போடணுமாம். மூணு கிழமைக்குப் பொறகு வரச் சொன்ன.”

“அப்ப இனி என்னய நல்லாத் தெரியும்,” என்று அவர் சிரித்தார். அவளும் சிரித்துவைத்தாள். அந்த மனுஷனை ஏமாற்றுவது இவ்வளவு சுலபம் என்பதே அவளுக்கு அழுகையாக வந்தது.

இரண்டாம் கிழமை வாடி முதலாளி இப்றாஹிமின் உம்மா மௌத்தானார். எண்பத்தெட்டு வயது. ஆள் வந்தபோது, ஏலாது என்று சொல்லத்தான் ஜெய்னம்பு வாயைத் திறந்தாள். சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். போனாள்.

ஸபீனா இலந்தை இலைத் தண்ணீரை ஊற்ற, ஜெய்னம்பு கையில் துணியைச் சுற்றிக்கொண்டு வலது பக்கம் கழுவி முடித்து இடது பக்கத்துக்கு வந்தாள். அங்கே கை நின்றுவிட்டது. விரல்கள் தேடத் தொடங்கிவிட்டன. மார்பை அமர்த்தி, கமக்கட்டுக்குள் போய், திரும்பவும் அமர்த்தி. ஒன்றுமில்லை. ஏழு பிள்ளைக்குப் பால் கொடுத்த மார்பு, துவைத்த துணிபோல வற்றி, ஒரு குறையும் இல்லாமல் கிடந்தது.

அந்த மையித்தின் மேல் ஜெய்னம்புவுக்குப் பொறாமை வந்தது. எண்பத்தெட்டு வயதுவரை வாழ்ந்து, சுத்தமான உடம்போடு போகிறாள் இவள், எனக்கு மட்டும் ஏன் யா அல்லாஹ் என்று மனசு கேட்டேவிட்டது. கேட்ட மறுகணமே உடம்பு கூசியது. உயிரோடு நிற்பவள் மையித்தைப் பார்த்துப் பொறாமைப்படுகிற நிலைக்கு வந்துவிட்டாளே.

“ராத்தா, தண்ணி ஊத்தவா?” என்றாள் ஸபீனா. இரண்டு தரம் கேட்டிருக்கிறாள் போல.

“ஊத்து.”

அன்று வீட்டுக்கு வந்ததிலிருந்து அவளுக்கு வேறொரு யோசனை ஊறத் தொடங்கியது. ரிப்போட்டை எடுக்கப் போகாவிட்டால் என்ன? போனால்தானே சொல்வார்கள். போகாமல் இருந்தால் கட்டி தன் பாட்டில் இருக்கும், தான் தன் பாட்டில் இருக்கலாம். யாருடைய கண்ணும் படாமல், யாரும் ஐயோ பாவம் என்று சொல்லாமல், ஒரு நாள் எல்லாம் முடிந்துவிடும். ராத்தாவும் இப்படித்தான் யோசித்திருப்பாள் என்பது அடுத்த நிமிஷமே உறைத்தது. கிழங்கு உரித்துக்கொண்டிருந்த கத்தியைக் கீழே வைத்துவிட்டு, மௌத்தான ராத்தாவை வாய்விட்டு ஏசினாள். “அறிவு கெட்டவளே, எனக்குச் சொல்லியிருந்தா தூக்கிட்டுப் போயிருப்பேனே.”

ராத்தாவும் அவளும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள். அந்த வழியில் மிச்சமிருக்கும் ஒரே பெண் றுஷ்னா. முப்பத்திரண்டு வயதாகிறது. தன் உம்மா எதில் போனாள் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. அமானிதம் அமானிதம் என்று மறைத்து, அந்தப் பிள்ளையை அல்லவா குருடாக்கி வைத்திருக்கிறோம் என்ற எண்ணம் வந்ததும் ஜெய்னம்புவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. தான் கிளினிக்குக்குப் போனாலும் போகாவிட்டாலும், இதை றுஷ்னாவுக்குச் சொல்லாமல் போகக்கூடாது.

செவ்வாய்க்கிழமை, வியாழனுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, அஸர் தொழுதுவிட்டுக் கல்பிட்டிக்குப் போனாள். றுஷ்னாவின் புருஷன் அஃப்ராஸ் கடலுக்குப் போயிருந்தான். சின்னவன் பாயில் தூங்கினான். றுஷ்னா குசினியில் குந்தியிருந்து இறால் உரித்துக்கொண்டிருந்தாள்.

“வாங்க சாச்சி. என்ன திடீரெண்டு?”

ஜெய்னம்பு அபாயாவைக்கூடக் கழற்றாமல் பலகையை இழுத்துப்போட்டு இருந்தாள். எங்கே தொடங்குவது என்று தெரியாமல் நடுவிலிருந்தே தொடங்கினாள்.

“மகள், ஒங்க உம்மா நெஞ்சுவலியில மௌத்தாகல்ல. குளிப்பாட்டக்குள்ள நான் கண்ட. மார்புல புத்துநோய். ஒடஞ்சி இருந்திச்சி. ஒருத்தருக்கும் சொல்லல்ல நான். சொல்லக் கூடாதெண்டு நெனச்சன்.”

றுஷ்னாவின் கை நிற்கவில்லை. கையிலிருந்த இறாலின் தலையைக் கிள்ளி, ஓட்டை உரித்து, கோப்பையில் போட்டாள்.

“எனக்குத் தெரியும் சாச்சி.”

“என்ன தெரியும்?”

“அந்தத் துணிய ஏழு மாசமா மாத்தினது நான்தான்.”

ஜெய்னம்பு பலகையை இன்னும் கிட்ட இழுத்தாள். “ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகல்லையா நீ?”

“நான் எவ்வளவு கெஞ்சின. ஆம்பிள டொக்டர் தொடுவானாம், ஊரெல்லாம் கதையாகுமாம். உம்மா என்ட வயித்துல கைய வெச்சி, ஆருக்கும் சொல்லமாட்டன் எண்டு சத்தியம் வாங்கின. நான் என்ன செய்ய? புள்ளைக்கு என்னவும் ஆகிருமெண்டு பயம்.” இப்போது றுஷ்னாவின் கண்ணிலிருந்து தண்ணீர் ஓடியது. துடைக்கக் கை தோதாக இல்லை, இறால் கை. “போன வருஷம் மிட்வைஃப் சொன்னாவெண்டு நானும் கிளினிக்குல காட்டின. எனக்கு ஒண்டுமில்ல. குடும்பத்துல ஆருக்கும் இருந்ததா எண்டு கேட்டாங்க. இல்ல எண்டுதான் சொன்ன.”

“நீயுமா,” என்றாள் ஜெய்னம்பு.

“சத்தியமாச்சே சாச்சி.”

“எனக்காவது சொல்லியிருக்கலாமே மகள். நான் அவட தங்கச்சி.”

றுஷ்னா இறால் கோப்பையைத் தள்ளி வைத்தாள். “ஒருக்கா நானே கேட்டன், சாச்சிக்கு மட்டுமாவது சொல்லுவமே எண்டு. உம்மா சொன்ன, ‘அவளுக்கு எப்பிடியும் தெரியவரும். என்னக் குளிப்பாட்டுறது அவதானே’ எண்டு.”

எத்தனையோ வீட்டு ஒப்பாரிக்கு நடுவில் கண் கலங்காமல் வேலை பார்த்தவள் ஜெய்னம்பு. அவள் அன்று அந்தக் குசினியில் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். ராத்தா தன்னை நம்பவில்லை என்று அழுதாள். தான் காப்பாற்றியதாக நினைத்த வெட்கத்தை, ராத்தா மௌத்தாகும் முன்பே தங்கச்சியின் கைக்கென்று ஒதுக்கிவைத்திருந்தாள் என்று அழுதாள். உயிரோடு இருந்தபோது காட்டாமல், கழுவும்போது பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டுப் போயிருக்கிறாள். இறாலின் மேல் ஈ மொய்ப்பதை இரண்டு பேருமே கவனிக்கவில்லை.

வெகுநேரம் கழித்து றுஷ்னா கேட்டாள். “மூணு வருஷம் சொல்லாத நீங்க, இண்டைக்கு ஏன் சாச்சி வந்து சொன்ன?”

ஜெய்னம்பு எழுந்து போய் முன்கதவைச் சாத்திக் கொக்கியைப் போட்டாள். திரும்பி வந்து அபாயாவைக் கழற்றினாள். ஊர்ப் பெண்களின் உடம்பையெல்லாம் பார்த்தவள், தன் உடம்பை இன்னொரு பெண்ணுக்குக் காட்டியதில்லை. சட்டைப் பொத்தானை ஒவ்வொன்றாக அவிழ்த்தாள்.

“கையக் கழுவிட்டு வா.”

“என்ன சாச்சி இது?”

“ஆஸ்பத்திரியில ஊசி குத்தி எடுத்திருக்காங்க. நாளண்டைக்கு வியாழக்கிழம, என்ன ஏதெண்டு சொல்லுவாங்க. ரிப்போட்டுக்குப் போறதில்லையெண்டுதான் இரிந்தன். இப்ப போவேன், நீயும் வா. ஆனா என்ன சொன்னாலும் சரி, என்ட மையித்துல நீ இதப் பாக்க வேணாம். இப்பவே பாரு.”

றுஷ்னா குழாயடியில் சவர்க்காரம் போட்டு இரண்டு தரம் கை கழுவினாள். கிட்ட வந்து, பயந்து பயந்து கையை வைத்தாள். ஜெய்னம்பு அந்தக் கையைப் பிடித்து, கட்டி இருந்த இடத்துக்கு நகர்த்தி அமர்த்தினாள். றுஷ்னாவின் முகம் கோணியது.

“உம்மாக்கும் இதே எடத்துலதான்.”

“தெரியும்,” என்றாள் ஜெய்னம்பு. “எனக்கு மௌத்துக்குப் பயமா இரிக்கி மகள்.”