தொடாத பாட்டில்

காலை எட்டு மணி பத்து நிமிடம். முதலில் என் கண்ணில் பட்டது ஆய்வகக் குளிர்பெட்டியின் கதவில் இருந்த சந்தனப் பொட்டு. நடுவில் குங்குமம். சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. கதவும் பக்கங்களும் புதிதாக வாங்கியது போலப் பளபளத்தன.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, விஜயதசமிக்கு மறுநாள், காஞ்சிபுரத்துக்கு வெளியே உள்ள ஒரு பொறியியல் கல்லூரியில் நடந்தது இது. அப்போது நான் ஒரு நாளிதழின் மாவட்டப் பக்கத்துக்குச் செய்தி எழுதிக்கொண்டிருந்தேன். ஓரிக்கையில் எங்கள் தெருவில் இருந்த ஒரு பெண் அந்த ஆய்வகத்தில் ஆராய்ச்சி செய்துவந்தாள். "நியூஸ் போடணும்னு இல்லக்கா. இன்னைக்கு நீங்க பக்கத்துல நின்னா போதும்" என்று என்னை அழைத்திருந்தாள். அன்று ஆராய்ச்சிக்குப் பணம் கொடுக்கிறவர்களின் குழு இரண்டாவது முறையாக வருகிறது. அவள் செய்த மையை அவர்கள் கண் முன்னால் பூசிக் காட்ட வேண்டும். சரியாக வந்தால் ஆராய்ச்சி தொடரும். இல்லையென்றால் அதோடு மூடிவிடுவார்கள்.

அந்த மை என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். துணி போல வளைகிற சூரிய மின்கலங்கள் இருக்கின்றன. அவற்றில் வெயிலை வாங்குவது ஒருவகைப் பாலிமர், கருநீலத் தூள். அது தண்ணீரில் கரையாது. நெடியடிக்கிற, உடம்புக்கு ஆகாத கரைப்பான்களில் கரைத்துத்தான் பூசுகிறார்கள். இவள் அந்தத் தூளைக் கண்ணுக்குத் தெரியாத நானோ துகள்களாக்கி, பாலில் கொழுப்பு மிதப்பது போலத் தண்ணீரில் மிதக்கவிட்டாள். அதற்கும் முதலில் கொஞ்சம் கரைப்பான் வேண்டும். ஆனால் அது மூடிய குடுவைக்குள்ளேயே பிரிந்துவிடும். பூசுகிறவர் மூக்குக்குப் போவது நீராவி மட்டும்.

பூசுகிறவர் மூக்கைப் பற்றி அவள் நினைத்ததற்குக் காரணம் உண்டு. அவளுடைய அப்பா ஒரு ஷூ கம்பெனியில் பல ஆண்டுகள் அடிப்பாகத்துக்குப் பசை தடவியவர். இப்போது அவருக்கு விரல்களிலும் பாதங்களிலும் உணர்வு இல்லை. சட்டைப் பொத்தானை அவரால் போட முடியாது. பசையின் நெடி காரணமாக இருக்கலாம் என்று மருத்துவர்கள் சொன்னார்கள். கம்பெனி அதைக்கூடச் சொல்லவில்லை. "எம் பொண்ணு தண்ணியில கரண்ட் எடுக்குதுபா. ஷாக்கடிச்சாகூட எனக்குத் தெரியப் போறதில்ல" என்று அவர் தெருவில் எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார். அம்மா அதே கல்லூரியில் ஒப்பந்தத் துப்புரவுப் பணியாளர். மகள் படித்த வகுப்பறைகளைப் பெருக்கியவரும் அவர்தான்.

அவள் குளிர்பெட்டியைத் திறந்தாள். நடுத்தட்டில் ஒரே ஒரு கண்ணாடி பாட்டில். அவளிடம் மிச்சமிருந்த பாலிமர் முழுவதும் அதில் இருந்தது. வெளிநாட்டிலிருந்து வர வேண்டிய தூள். இந்தக் குழு சரி என்றால்தான் மறுபடி வாங்க முடியும். பூஜை விடுமுறைக்கு முன்பு மையை அதில் ஊற்றி வைத்துவிட்டு வீட்டுக்குப் போயிருந்தாள்.

பாட்டிலுக்குள் இருந்தது மை அல்ல, நீலப் பனிக்கட்டி.

அவள் கதவில் இருந்த பொட்டைப் பார்த்தாள். பிறகு உள்ளே கையை விட்டு, குளிரைக் கூட்டிக் குறைக்கிற திருகைத் தொட்டாள். அது கடைசிவரை திரும்பியிருந்தது. பழைய இடத்துக்குத் திருப்பி வைத்தாள். இனி அதற்கு என்ன அவசியம் என்று எனக்குத் தோன்றியது, கேட்கவில்லை.

"உருகினா சரியாயிடும் இல்ல?" என்றேன்.

"ஆகாதுக்கா. ஐஸ் ஆகும்போது துகள்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். திரிஞ்ச பால மறுபடி பாலாக்க முடியுமா?"

இருந்தாலும் பாட்டிலை ஒரு கிண்ணத் தண்ணீரில் வைத்தாள். பனி உருகியது. மேலே தெளிந்த தண்ணீர் நின்றது, குடிக்கலாம் போல. அடியில் கருநீலத் திப்பிகள் படிந்திருந்தன. ஒலி அதிர்வு கொடுக்கிற கருவியில் வைத்தாள். முழுதும் நீலமானது. நான் மூச்சுவிட்டேன். கருவியை நிறுத்தியதும் திப்பிகள் ஒவ்வொன்றாக இறங்கின. மறுபடி வைத்தாள். மறுபடி இறங்கின.

குழுவில் மூன்று பேர். மூத்தவர் நாற்காலியில் உட்கார்ந்ததும், "என்னம்மா, காஞ்சிபுரம் வந்தா பட்டுதான் வாங்கிட்டுப் போவாங்க, நாங்க தண்ணியைப் பார்க்க வந்திருக்கோம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். மை உறைந்துவிட்டதைச் சொன்னாள். சிரிப்பு நின்றது.

"போன தடவை ஒரு பாட்டில் நல்லா வந்துச்சு, அடுத்தது வரலைன்னீங்க. இந்தத் தடவை ஃப்ரிட்ஜா? யார் வச்சது?"

"நான்தான் சார். டெம்பரேச்சர் செட்டிங்கை நான் கவனிக்கல."

நடைபாதையில் துடைப்பான் தரையில் இழுபடும் சத்தம் கேட்டது. அம்மா அங்கே வேலையாக இருந்தார். கதவு சாத்தியிருந்தது.

இருப்பதைப் பூசிக் காட்டச் சொன்னார்கள். கண்ணாடித் தகட்டின் மேல் மையை விட்டுப் பூசும் தண்டை இழுத்தாள். சீரான நீலப் படலம் வர வேண்டிய இடத்தில் புள்ளியும் கோடுமாக ஏதோ படிந்தது. இரண்டாவது தகடும் அப்படித்தான். மூன்றாவதை எடுத்தபோது குழுவில் இருந்த பெண்மணி, "போதும்மா" என்றார். அந்தக் குரலில் இரக்கம் இருந்தது. அது அவளுக்கு எந்த வகையிலும் உதவவில்லை.

"தண்ணி நல்ல ஐடியாதான்" என்று மூத்தவர் எழுந்துகொண்டே சொன்னார். "ஆனா சால்வென்ட்ல பூசினா ஒவ்வொரு தடவையும் வருது. ஃபேக்டரிக்காரன் அதைத்தான் கேப்பான். அவன் மூக்கைப் பத்தி அவனே கவலைப்படல, நீ ஏம்மா படற?"

அவள் தகடுகளைத் துடைக்கத் தொடங்கினாள்.

மதியம் கல்லூரி வேப்பமரத்தடியில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். அம்மா தூக்குச்சட்டியைத் திறந்து மகளுக்குப் புளிசாதம் போட்டார். "என்னாம்மா சொன்னாங்க?" என்று கேட்டார். "பார்த்துட்டுப் போயிருக்காங்கம்மா" என்றாள் மகள்.

அம்மா என் பக்கம் திரும்பினார். "மேடம், நீங்க பாத்தீங்களா, ரூம் எப்டி இருந்துச்சு? பூஜைக்கு மத்த ரூமெல்லாம் பெருக்கி வுட்டேன், அவ்ளோதான். எம் பொண்ணு ரூமுன்னு இத மட்டும் ஒரு நாள் பூரா பண்ணேன். ஃப்ரிட்ஜ நிறுத்தி, உள்ள மூலமுடுக்கு, திருகு எல்லாம் துணி வுட்டுத் தொடச்சி, பொட்டு வெச்சி, கற்பூரம் காட்டி, மறுபடி போட்டுட்டுதான் வூட்டுக்கு வந்தேன். பாட்டில மட்டும் தொடாதம்மான்னு சொல்லிக்கினே இருந்துச்சு. சத்தியமா தொடல மேடம். அத நடுவுல வுட்டுட்டு சுத்திச் சுத்திதான் தொடச்சேன்."

பல ஆண்டுகள் பேட்டி எடுத்திருக்கிறேன். ஒருவர் பேசும்போது மற்றவர் முகத்தைப் பார்ப்பது என் பழக்கம். அன்று நான் மகளைப் பார்த்தேன். அவள் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "ரூம் சூப்பரா இருந்துச்சும்மா. அந்த மேடம்கூட சொன்னாங்க" என்றாள்.

"சொன்னாங்களா?" அம்மாவின் முகம் மலர்ந்தது.

குழுவில் யாரும் அறையைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

மாலையில் துறைத்தலைவர் அவளை மாடிப்படி அருகில் நிறுத்தி, திட்டம் முடிகிறது என்றார். நாங்கள் இருவரும் ஷேர் ஆட்டோவில் திரும்பினோம். அம்மாவுக்கு இன்னும் வேலை முடிந்திருக்கவில்லை. ஓரிக்கையில் இறங்கியதும் நான் கேட்டேன், குழுவிடம் ஏன் உண்மையைச் சொல்லவில்லை, அம்மாவிடமாவது சொல்லக் கூடாதா என்று.

"இன்னான்னுக்கா சொல்றது? பாட்டிலத் தொடாதன்னு சொன்னேன், அம்மா தொடல. ஃப்ரிட்ஜத் தொடாதன்னு நான் சொல்லலியே." சிறிது தூரம் நடந்து, "ஒருத்தருக்குத்தான் விரல் போச்சு வீட்டுல. இது தெரிஞ்சா அம்மா கையையும் தூக்கி அடுப்புல வச்சிரும்" என்றாள்.

செய்தியை நான் எழுதவில்லை. எழுத ஒன்றும் இல்லை என்று அலுவலகத்தில் சொன்னேன். சில நாள் கழித்து அம்மா என் வீட்டு வாசலில் நின்று குழுவைத் திட்டினார். "அவ்ளோ பக்தியாப் பண்ணேனே மேடம், அந்தச் சாமி கண்ணத் தொறக்கலியே" என்று அழுதார். அந்தச் சாமி மேல் தவறில்லை என்று எனக்குத் தெரியும். வாயைத் திறந்தால் நடந்தது அவருக்குத் தெரிந்துவிடும். அழட்டும் என்று நின்றேன்.

மகள் வேறு இடங்களில் முயன்று பார்த்தாள். அவளிடம் காட்ட நல்ல பாட்டில் ஒன்றுகூட இல்லை. இப்போது தொழிற்பேட்டையில், பிளாஸ்டிக் தாளுக்கு மேல்பூச்சு போடுகிற ஒரு கம்பெனியில் தரம் பார்க்கிறாள். எல்லாம் கரைப்பான் பூச்சு. அவள் வீட்டுக்குள் நுழையும்போதே அப்பா, "துணிய வெளியவே மாட்டிட்டு வா" என்கிறார். விரலுக்குத்தான் உணர்வு இல்லை. அந்த நெடி அவருக்கு நன்றாகத் தெரியும்.

பெயர் போடாமல் எழுதிக்கொள்ளுங்கள், அம்மா பத்திரிகை படிப்பதில்லை என்று அவள் சொன்ன பிறகே இதை எழுதுகிறேன். யார் தவறு என்று கேட்டுக் கேட்டுச் செய்தி எழுதிய எனக்கு, யார் மீதும் தவறு இல்லாமலே ஒரு வாழ்க்கை முழுதாக உறைந்துபோக முடியும் என்பது அன்று தெரிந்தது; அதன் பிறகு அந்தக் கேள்வியைப் பழைய நம்பிக்கையோடு நான் யாரிடமும் கேட்டதில்லை.

அந்தக் குளிர்பெட்டியை ஆசிரியர்கள் அறைக்கு மாற்றிவிட்டார்கள். இந்த ஆயுத பூஜைக்கும் அதைத் துடைத்துப் பொட்டு வைத்தவர் அந்த அம்மாதான். உள்ளே குடிதண்ணீர் பாட்டில்கள் இருந்தன.