தங்கூசிக்குப் பழகிய கை

வீரசிங்கத்தின் வளவுக்கும் எங்கள் வளவுக்கும் இடையில் ஒரு கிடுகுவேலிதான். அதனால் அவன் பெடல் கிற்றார் பழகப் பட்ட பாட்டை நானும் சேர்ந்தே பட்டேன்.

சல்லிக் கிராமத்தில் கடற்றொழில் செய்யும் குடும்பத்தில் பிறந்து, துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவன். மடியில் வைத்து, இரும்பு உருளையைத் தந்திகளில் வழுக்கி வாசிக்கும் ஹவாயன் கிற்றாரில் கெட்டிக்காரன். அதோடு நின்றிருக்கலாம். ஒருநாள் வானொலியின் ஆங்கிலச் சேவையில் பெடல் வைத்த கிற்றாரைக் கேட்டுவிட்டான். காலால் மிதித்தால் ஒரு தந்தி மட்டும் அழுதுகொண்டு மேல்சுருதிக்கு ஏறுமாம். அன்றோடு மனுசனுக்குப் பைத்தியம் பிடித்தது.

அது எழுபதுகளின் நடுப்பகுதி. இறக்குமதி நின்றிருந்த காலத்தில் பெடல் கிற்றாருக்கு எங்கே போவது? தன் கிற்றாரை ஒரு மேசையில் பூட்டி, கீழே பழைய தையல் மெசினின் மிதியைப் பொருத்தினான். மிதியையும் தந்தியையும் தங்கூசியால் இணைத்தான். சுறாவையே இழுக்கிற நைலோன் நூல் ஒரு தந்தியை இழுக்காதா என்பது அவன் கதை.

இழுத்தது. ஆனால் ஏற வேண்டிய சுருதிக்கு எப்போதும் ஒரு மயிரிழை கீழே நின்றது. பின்னேரம் முழுக்க அதே துண்டை வாசித்து எங்கள் உயிரை வாங்குவான்.

"என்ர காதுதான் பிழை மச்சான். எனக்கு இது ஏலாது போல" என்று வேலிக்கு மேலால் சொல்வான். பிறகும் போய் உட்காருவான். மாதங்கள் போக, மிதிக்கும்போதே இடக்கை உருளையைச் சற்று முன்னே தள்ளிக் குறையைச் சரிக்கட்டப் பழகிவிட்டது. சுருதி சேர்ந்தது. காது திருந்திவிட்டது என்று துள்ளினான்.

அந்த நேரம் நிலாவெளி ஹோட்டல் ஒன்றில் இசைக்குழு நடத்திய ஸைனுலாப்தீன், பெடல் வாசிக்க ஆள் தேடினார். கிரேனை விட்டு இறங்கி வாசிப்பையே தொழிலாக்க வீரசிங்கத்துக்கு இருந்த ஒரே வழி அதுதான்.

அவரிடம் வாசித்துக் காட்டப் போவதற்கு முதல்நாள் அவன் மனைவி அன்னலட்சுமி உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு ஏசினாள். "இஞ்ச பாருங்கோ, நீங்கள் கட்டின தங்கூசிக் கொடி. ஈரச் சாரத்தைப் போட்டால் இழுபட்டு நிலத்தில முட்டுது."

வீரசிங்கம் கொடியையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு ஓடிப்போய் மிதியிலிருந்த தங்கூசியை அறுத்தெறிந்துவிட்டு, சைக்கிள் பிரேக் கம்பியைப் பூட்டினான். இடக்கை படாமல் வெறும் தந்தியை மீட்டி மிதித்துப் பார்த்தான். தந்தி ஏற வேண்டிய இடத்தில் போய் நின்றது. "காதில ஒரு பிழையுமில்லை மச்சான், தங்கூசிதான் இழுபட்டிருக்கு!" என்று கத்தினான்.

மறுநாள் மேசையை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு நானும் கூடப் போனேன். குழுவோடு வாசித்தான். பெடலை மிதித்தபோதெல்லாம் கை பழக்கதோஷத்தில் உருளையை முன்னே தள்ளியது. சுருதி கூடிப் பல்லைக் கூச வைத்தது. கையை அடக்க அடக்க இன்னும் மோசமானது.

"கருவி திறம்" என்றார் ஸைனுலாப்தீன். "உங்கட கைதான் ஒவ்வொருக்காலும் கூடப் போகுது. கையைத் திருத்துமட்டும் எனக்குப் பொறுக்க ஏலாது, நாளைக்கே வாசிக்க ஆள் வேணும்."

திரும்பி வரும்போது பஸ்ஸில் இடக்கையை வலக்கையால் இறுக்கிப் பிடித்தபடி இருந்தான். சோம்பேறியாக இருந்து அரைகுறையாகப் பழகியிருந்தால், கைக்கு அந்தப் பழக்கம் வந்திராது; அன்று அவனை எடுத்திருப்பார்கள்.