யாரும் கேட்காத தழை

மாட்டு டாக்டரைப் பாதிப் பேர் கடைசியில் கூப்பிடுவார்கள், மீதிப் பேர் அதற்கும் அப்புறம். மாடு வைத்து அல்லல்படுகிறவர்கள், மாட்டுக்கு ஊசி போட்டு அல்லல்படுகிறவர்கள், இரண்டு தரப்புக்குமே என் பேஜாரு புரியும் என்பதால் உங்களிடம் கொட்டுகிறேன்.

வாய்ப்பாடு

கூட்டேரிப்பட்டுப் பக்கம் அஞ்சலை என்று ஒரு அம்மா. புருஷன் இல்லை, கூலி வேலை. இருப்பது ஒரே ஒரு கறவை மாடு, அந்தப் பாலில்தான் வீடு ஓடுகிறது. எந்தத் தழை போடலாம் என்று கேட்டார். அகத்தி, முருங்கை, கல்யாண முருங்கை, மல்லாட்டை என்கிற நிலக்கடலைக் கொடி என்று நானும் வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்தேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"எல்லாம் சரி சார், இதெல்லாம் வெக்கறதுக்கு எனக்கு நெலம் எங்க கீது?"

தானம்

அவர் களையெடுக்கப் போகிற நிலத்துக்காரர், மழையில்லாமல் முழங்கால் உயரத்திலேயே வாடிப்போன சோளப் பயிரை அறுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். நல்லவேளை, மாட்டுக்குப் போடுமுன் அஞ்சலை எனக்குப் போன் செய்தார். "ஐயையோ, தூக்கி எறிங்க! வாடின இளஞ்சோளம் விஷம்!" என்று கத்தினேன்.

அந்த நிலத்துக்காரரைப் பார்த்தபோது கேட்டே விட்டேன். அவருக்குக் கூச்சமே இல்லை. "என் மாட்டுக்குப் போட பயமா இருந்துச்சு, வீணாப் போவுதேன்னு குடுத்தேன்." சரி, வரப்பு நெடுக அகத்தி நிற்கிறதே, அதில் ரெண்டு கொத்து ஒடித்துக் கொடுக்கக் கூடாதா?

"அகத்தியா? அது என் மாட்டுக்கு வெச்சது சார்!"

புல்லுக்கட்டு

நாலுவழிச் சாலை நடுவே நிற்கும் அரளியைக் கழித்து, ஓரத்துப் புல்லையும் வெட்டி, எல்லாவற்றையும் ஒன்றாகக் குவித்திருந்தார்கள். அஞ்சலை அதிலிருந்து புல்லை மட்டும் பொறுக்கிக் கட்டிவந்து போட்டிருக்கிறார். அரளி இலை கொஞ்சம் கலந்துவிட்டது. அந்தப் பாழாய்ப்போன இலை கொஞ்சமே போதும்.

நான் போனபோது மாடு படுத்துவிட்டது, இதயம் தாறுமாறாக அடித்தது. கையிலிருந்த மருந்தெல்லாம் கொடுத்துப் பார்த்தேன். என் கண்ணெதிரிலேயே போய்விட்டது. கன்றுக்குட்டி மடியை முட்டிக்கொண்டிருந்தது. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "அரளி கெடக்கிற குவியல்ல கை வெக்கலாமா? அறிவு வேணாமா?" என்று சத்தம் போட்டேன். அஞ்சலை அழவில்லை.

"எங்க கை வெச்சாலும் தொரத்தறாங்க சார், அங்கதான் யாரும் ஒண்ணும் கேக்கல."

நம் தொழில் இவ்வளவுதான்: அதே வாரம் விழுப்புரத்தில் ஒரு முகாமில் 'மாட்டுக்கு ஏற்ற தழைகள்' பற்றிப் பேசக் கூப்பிட்டார்கள், போய்ப் பேசினேன், கைதட்டினார்கள், போண்டாவும் டீயும் சாப்பிட்டுவிட்டு வந்தேன்.