பம்புசெட்டில் கழற்றிய இரண்டு போல்டு

கும்பகோணத்து டாக்டர் ஒருவர் தன் அப்பாவின் பழைய சீமைக் காரைப் புதுப்பிக்க என் பட்டறையில் விட்டிருந்தார். என்ஜினைத் தாங்கும் இரண்டு போல்டு மட்டும் கிடைக்கவில்லை. அந்தக் காலத்து மரையில், அதாவது திருகுப் புரி அளவில், இப்போது எந்தக் கம்பெனியும் போல்டு செய்வதில்லை. தஞ்சாவூர் இரும்புக் கடைகளில் ஒரு வாரம் அலைந்தேன்.

பக்கத்து வயல்காரரின் கொட்டகையில் பழைய டீசல் என்ஜின் ஒன்று கிடந்தது. கரண்டு மோட்டார் வந்தபின் அவர் அதைத் தொட்டதில்லை. அதிலும் அதே மரைதான். கேட்டால் கொடுத்திருப்பார். எனக்கு யாரிடமும் கேட்க வாய் வராது. அவர் இல்லாதபோது இரண்டைக் கழற்றி வந்து காரில் மாட்டிவிட்டேன்.

பத்து நாள் கழித்து வாய்க்காலில் தண்ணீர் வருவது நின்றது. அவருடைய மோட்டாரும் எரிந்துபோய் நாற்றங்கால் காயத் தொடங்கியது. பட்டறைக்கு வந்தார்.

“பழைய என்ஜினை ஓட்டலாம்னு போனா, எவனோ ரெண்டு போல்டைக் கழட்டிட்டுப் போயிருக்கான் தம்பி. எடைக்குப் போட்டா பீடிகூட வராது. உங்களை விட்டா யாருக்கு இந்த மரை தெரியும்?”

“தேடிப் பாக்குறேங்க” என்றேன்.

அவர் போனதும் காரிலிருந்து கழற்றி எடுத்துப் போய் நானே மாட்டினேன். என்ஜின் ஓடி, நாற்றுக்குத் தண்ணீர் பாய்ந்தது.

“எங்க புடிச்சீங்க?”

“பழைய இரும்புக் கடையிலங்க.”

காருக்கு வேண்டியதைப் பிறகு லேத்தில் கடைந்து வாங்கினேன். அதை முதலிலேயே செய்திருக்கலாம்.

இப்போதும் டீக்கடையில் என்னைப் பார்த்தால் அவர் நகர்ந்து இடம் கொடுக்கிறார். நான் தலையைக் குனிந்தபடி உட்கார்ந்துகொள்கிறேன்.