கிணறு ஊறும் வேகம்

கிணற்றில் தண்ணீர் ஏறி நின்றால் அத்தனையும் எடுத்துக்கொள்ளத்தான் என்று நினைக்கிறவர்களைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வரும். ஜப்பான்காரன் அப்படித்தான் நினைத்தான். நாங்கள் மட்டும் என்ன ஒழுங்கு?

மந்தின் என்ற ஊருக்கு உள்ளே தள்ளி ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தேன். ஜப்பான்காரன் படையெடுத்து வந்து வெள்ளைக்காரத் துரை ஓடிப்போனதும் தண்ணீர் ஏற்றும் எஞ்சினுக்கு எண்ணெய் இல்லை. குழாய் காய்ந்தது. ஓடைத் தண்ணீர் குடித்தவர்களுக்குப் பேதி கண்டு, நாங்கள் குடியிருந்த கூலி லயத்தில் சாவு விழுந்தது. மிஞ்சியது பள்ளத்துக் கிணறு ஒன்றுதான். அண்ணனை ஜப்பான்காரர்கள் சயாம் ரயில் வேலைக்குப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். அண்ணியும் கைக்குழந்தையும் என்னோடு இருந்தார்கள். குழந்தைக்கும் பேதி. கிணற்றுத் தண்ணீர் இல்லாவிட்டால் அது பிழைக்காது.

காலையில் இறைப்போம். உச்சி வேளையில் வாளிகளைக் கவிழ்த்துவிட்டு ஊற விடுவோம். பிறகு சாயங்காலம்தான். அது லயத்து வழக்கம். துரை பங்களாவில் தங்கியிருந்த ஜப்பான் சிப்பாய்கள் உச்சியில் வந்து பார்த்தார்கள். தண்ணீர் நிற்கிறது, இறைக்க ஆளில்லை. யாருக்கும் வேண்டாத தண்ணீர் என்று முடிவு கட்டி, மறுநாள் அதே நேரத்துக்குப் பம்பு வைத்து உறிஞ்சிவிட்டார்கள். சாயங்காலம் எங்கள் வாளியில் சேறு வந்தது.

"இன்னும் கொஞ்சம் தோண்டுனா அவனுக்கும் ஆச்சு, நமக்கும் ஆச்சுலா," என்றார் தோட்டத்து வேலையை மேற்பார்க்கும் மண்டோர். கிழவர் என்பதால் சயாமுக்குத் தப்பியவர்.

"யாரு எறங்குறது? நீங்களா?" என்றாள் அண்ணி.

"எனக்கு இடுப்பு புடிச்சிருக்கும்மா."

"வாய மட்டும் புடிக்கல."

வெளிச்சம் இருக்கும்போதே நான் கயிற்றைப் பிடித்து இறங்கினேன். வெட்டினேன். வெள்ளைக் களிமண், பாறை மாதிரி. வெட்ட வெட்டக் களிமண்தான். வெட்டிய கட்டிக்குள் ஒரு சொட்டு ஈரம் இல்லை. எரிச்சலில் சுவரில் சாய்ந்தபோது முழங்கால் சில்லிட்டது.

குனிந்து பார்த்தேன். களிமண்ணுக்கு மேலே மெல்லிய மணல் வரி. அதிலிருந்து தண்ணீர் நூல் நூலாக வந்துகொண்டிருந்தது. மணல்துகள் ஒவ்வொன்றும் அசைந்து வழி விட்டது. உள்ளங்கையால் அடைத்தேன். விரலிடுக்கில் வந்தது. இந்த மேட்டில் எப்போதோ பெய்த மழை, அத்தனை மரங்களும் குடித்தது போக, நான் பால் வெட்டி நடக்கிற காலுக்கு அடியிலேயே நடந்து வந்திருக்கிறது. துரை ஓடியது அதற்குத் தெரியாது. சண்டை தெரியாது. அதட்டினால் ஓடி வராது, கெஞ்சினாலும் வராது. கும்பிடுகிற பழக்கம் எனக்கு அதிகம் கிடையாது. அங்கே கும்பிட்டேன்.

"தண்ணி வருதாடி?" மேலேயிருந்து அண்ணி கத்தினாள்.

"வருது. தோண்டுனா அதிகமா வராது அண்ணி. அது வர்ற வேகத்துலதான் வரும். விடிஞ்சதும் இறைக்க ஆரம்பிப்போம், உச்சியில நிறுத்த வேணாம். ஊற ஊற எடுத்து வீட்டுல வச்சிக்குவோம். பம்பு வர்றப்ப கிணத்துல ஒண்ணும் நிக்காது."

விடிந்ததும் லயமே கூடிவிட்டது. பால் வாளி, மரத்தில் பால் பிடிக்கும் பீங்கான், பானை எல்லாம் நிரம்பின. ஊறியதை மட்டும் எடுத்தோம். சேறு கலங்கவில்லை. உச்சியில் பம்பு வந்தது. அடியில் கிடந்த கொஞ்சத்தைக் குடித்துவிட்டுக் காற்றை இழுத்து இருமியது. சிப்பாய் மண்டோரை ஓர் அறை அறைந்துவிட்டு, பம்பை ஓடைப் பக்கம் இழுத்துக்கொண்டு போனான்.

"நல்லா குடிங்கடா," என்றாள் அண்ணி.

வீட்டில் தண்ணீரைக் காய்ச்சி ஆற்றிக் கரண்டியில் புகட்டினாள். குழந்தை விழுங்கியது. கரண்டியை எடுத்ததும் இன்னும் வேண்டுமென்று வீறிட்டு அழுதது. பேதி கண்டதிலிருந்து அதற்கு அழக்கூடத் தெம்பு இருந்ததில்லை.